வயதானவர் கையில் வெட்டுக்காயம்: அழுத்திப் பிடிப்பது முதல் கட்டைப் பிரிப்பது வரை

அரசு மருத்துவமனை ஒன்றின் கட்டுப்போடும் அறையில் பல வருஷம் நர்ஸாக இருந்தவள் நான். ஓய்வு பெற்று ஏழு வருஷம் கழித்து ஒரு மார்கழிக் காலையில், கோலமாவு டப்பாவோடு வாசல் கேட்டைத் திறக்கும்போது தாழ்ப்பாள் புறங்கையில் உரசியது. வெட்டு என்றுகூடச் சொல்ல முடியாது, வெறும் உரசல். ஆனால் தோல் இரண்டு அங்குலத்துக்கு நனைந்த காகிதம் போலச் சுருண்டு ஒரு பக்கமாக ஒதுங்கிவிட்டது. அவசரத்தில் ஒட்டுப் பிளாஸ்திரி இரண்டைக் குறுக்கே ஒட்டினேன். மறுநாள் குளிக்கும் முன் அதைச் சர்ரென்று இழுத்தேன். நல்ல தோலும் கூடவே வந்துவிட்டது. ஒரு காயம் இரண்டானது, ஆற ஆறு வாரம் ஆனது.

எத்தனையோ பேருக்குக் கட்டுப் போட்டவள் சொந்தக் கையில் கோட்டை விட்டதற்குக் காரணம் ஒன்றுதான். முப்பது வயதுக் கைக்குச் செய்வதை அறுபத்தைந்து வயதுக் கைக்குச் செய்தேன். அறுபதைத் தாண்டியவர்களும், அவர்களோடு இருப்பவர்களும் வீட்டில் செய்ய வேண்டியதைச் செய்யும் வரிசையிலேயே எழுதுகிறேன்.

கை ஏன் மாறிப்போகிறது

தோலில் மேலடுக்கு, உள்ளடுக்கு என்று இரண்டு உண்டு. இளம் வயதில் இந்த இரண்டும் இரு கை விரல்களைக் கோத்துப் பிடித்த மாதிரி மேடும் பள்ளமுமாக ஒன்றுக்குள் ஒன்று பொருந்தியிருக்கும். வயதாக ஆக அந்த மேடுபள்ளம் தட்டையாகிவிடுகிறது. கோத்த விரல்கள் பிரிந்து, உள்ளங்கைகள் மட்டும் ஒட்டியிருப்பது போல. லேசாக இழுபட்டாலே மேலடுக்கு வழுக்கிக்கொண்டு தனியே வரும். அடியில் இருக்கும் கொழுப்பும் கரைந்துவிடுவதால் புறங்கையில் ரத்தநாளம் புடைத்துத் தெரிகிறது. ரத்தக்குழாய்க்குத் தாங்கலும் இல்லை. எங்கே இடித்தோம் என்றே தெரியாமல் கையில் கருநீலத் திட்டு வருவது அதனால்தான். ஆஸ்துமாவுக்கோ மூட்டுவலிக்கோ நெடுநாள் ஸ்டீராய்டு சாப்பிட்டவர்களுக்குத் தோல் இன்னும் மெல்லியதாக இருக்கும்.

இதோடு சர்க்கரை, ரத்தம் உறையாமல் இருக்கச் சாப்பிடும் மாத்திரை, மங்கலான பார்வை, விரல் நுனி மரத்துப்போவது எல்லாம் சேர்ந்துகொள்ளும். அரிவாள்மனை அதேதான், அதில் வெட்டுப்பட்ட கைதான் வேறு.

முதல் வேலை: உட்காருங்கள், அழுத்துங்கள்

ரத்தத்தைப் பார்த்ததும் எழுந்து ஓடாதீர்கள். அடுப்பை அணைத்துவிட்டு அப்படியே நாற்காலியிலோ தரையிலோ உட்காருங்கள். ரத்தம் பார்த்து மயங்கி விழுந்து இடுப்பெலும்பு முறிந்து வந்தவர்களைப் பார்த்திருக்கிறேன். விரலில் இருந்த காயம் அரை அங்குலம்கூட இருக்காது.

சுத்தமான துணி எதுவானாலும் சரி. துவைத்த கைக்குட்டை, வேட்டி கிழிசல், காஸ் துணி. பஞ்சு மட்டும் வேண்டாம், இழை காயத்தில் ஒட்டிக்கொள்ளும். துணியை மடித்துக் காயத்தின் மேல் வைத்து, மற்றக் கையால் அழுத்துங்கள். கையை நெஞ்சுக்கு மேலே உயர்த்தி வையுங்கள்.

எவ்வளவு நேரம்? கடிகாரத்தைப் பார்த்துப் பத்து நிமிடம். இதில்தான் முக்கால்வாசிப் பேர் தவறுகிறார்கள். இரண்டு நிமிடத்துக்கு ஒருமுறை துணியைத் தூக்கி "நின்னுடுச்சா?" என்று பார்ப்பார்கள். பார்க்கும் ஒவ்வொரு முறையும், அப்போதுதான் உறையத் தொடங்கிய ரத்தம் துணியோடு பிய்ந்து வரும். ஆரம்பத்திலிருந்து மறுபடி எண்ண வேண்டும். துணி நனைந்து மேலே வந்தால் அதை எடுக்காமல் அதன் மேலேயே இன்னொன்றை வைத்து அழுத்துங்கள். எங்கள் அறையில் ஒரு பெரியவர் "ஸ்ரீராமஜெயம் நூத்தியெட்டு சொல்லி முடிக்கிறேன், அப்புறம் பாருங்கம்மா" என்று கண்ணை மூடி அழுத்திக்கொண்டு உட்கார்ந்தார். முடிக்கும்போது ரத்தம் நின்றிருந்தது.

இதய அடைப்புக்கோ பக்கவாதத்துக்கோ ஆஸ்பிரின், க்ளோபிடோக்ரெல் சாப்பிடுகிறவர்களும், வால்வு மாற்றியவர்களுக்கும் இதயத்துடிப்புக் கோளாறு உள்ளவர்களுக்கும் தரும் வார்ஃபரின், அசிட்ரோம், துடிப்புக் கோளாறுக்குத் தரும் அபிக்சபான், ரிவராக்சபான் சாப்பிடுகிறவர்களும் பதினைந்து, இருபது நிமிடம் அழுத்துங்கள். உங்களுக்கு ரத்தம் நிற்க நேரமாகும், பயப்பட வேண்டாம். ஆனால் ஒன்று. "ரத்தம் நிக்கல, ரெண்டு நாளைக்கு மாத்திரையை நிறுத்திடுவோம்" என்று நீங்களே முடிவெடுக்கக் கூடாது. விரல் வெட்டு ஆறிவிடும். வால்வில் ரத்தக்கட்டி சேர்ந்தால் மீட்பது பெரும்பாடு. வார்ஃபரின், அசிட்ரோம் சாப்பிடுகிறவர்கள் வழக்கத்துக்கு மாறாக ரத்தம் போனால் ரத்தம் உறைய எவ்வளவு நேரமாகிறது என்று காட்டும் ஐஎன்ஆர் பரிசோதனை செய்து டாக்டரிடம் காட்டுங்கள்.

இருபது நிமிடம் விடாமல் அழுத்தியும் நிற்கவில்லையா, அல்லது துடிப்போடு பீறிட்டு வருகிறதா? அழுத்தியபடியே கிளம்புங்கள், அல்லது 108 கூப்பிடுங்கள். கயிறு கட்டி ரத்தத்தை நிறுத்துகிறேன் என்று மணிக்கட்டை இறுக்குவது வேண்டாம்.

மோதிரத்தைக் கழற்றுங்கள்

அழுத்தும்போதே செய்ய வேண்டிய வேலை இது. காயம் சுண்டுவிரலில் இருந்தாலும் அந்தக் கையில் உள்ள எல்லா மோதிரத்தையும் இறுக்கமான வளையலையும் கழற்றிவிட வேண்டும். கை வீங்கும். நாற்பது வருஷமாகக் கழற்றாத நெளி மோதிரம் வீங்கிய விரலில் சிக்கினால் ரத்த ஓட்டமே நின்றுபோகும்.

வராவிட்டால் கையை உயர்த்தி வைத்துக் கொஞ்ச நேரம் கழித்துச் சோப்பு நுரை போட்டுத் திருகிப் பாருங்கள். அதற்கும் வரவில்லை, ஆனால் காயம் அந்த விரலில் இல்லை என்றால் நூல் வித்தை உண்டு. பட்டு நூலின் ஒரு முனையை மோதிரத்துக்கு அடியில் நுழைத்து உள்ளங்கைப் பக்கம் விட்டுவிடுங்கள். மறு முனையை மோதிரத்தை ஒட்டினாற்போலத் தொடங்கி, விரல் நுனியை நோக்கி நெருக்கமாக, மூட்டு தாண்டும் வரை சுற்றுங்கள். பிறகு உள்ளங்கைப் பக்கமுள்ள முனையை நுனியை நோக்கி இழுத்துப் பிரித்துக்கொண்டே வந்தால் மோதிரம் சுற்றின் மேல் ஏறி மெல்ல நகர்ந்து வரும். விரல் ஏற்கெனவே நீலம் பாரித்திருந்தால் வித்தையெல்லாம் வேண்டாம், மருத்துவமனையில் வெட்டி எடுப்பார்கள். தங்கத்தைப் பிறகு ஆசாரியிடம் கொடுத்து ஒட்டிக்கொள்ளலாம்.

கழுவுவது: குழாய்த் தண்ணீரே மருந்து

ரத்தம் நின்ற பிறகு, அல்லது சொட்டாகக் குறைந்த பிறகு கழுவுங்கள். ஓடும் குழாய்த் தண்ணீரில் ஐந்து முதல் பத்து நிமிடம். குடிக்கிற தரத்தில் இருக்கும் எந்தத் தண்ணீரும் போதும். மொட்டைமாடித் தொட்டித் தண்ணீர் கலங்கலாக வந்தால், காய்ச்சி ஆறவைத்த தண்ணீரைச் சொம்பில் எடுத்து ஊற்றுங்கள். சுற்றியுள்ள தோலைச் சோப்பு போட்டுக் கழுவுங்கள். காயத்துக்குள் சோப்பைத் தேய்க்க வேண்டாம். மண், இரும்புத் துருவல், தேங்காய் நார் தெரிந்தால் கொதிநீரில் போட்டெடுத்த சாமணத்தால் எடுங்கள். ஆழத்தில் இருப்பதைத் தோண்டாதீர்கள். குத்தி நிற்கிற கண்ணாடித் துண்டைப் பிடுங்காதீர்கள்.

கழுவும்போது மறுபடி ரத்தம் கசிந்தால் இன்னொரு ஐந்து நிமிடம் அழுத்தினால் சரியாகிவிடும்.

"தண்ணி பட்டா சீழ் வைக்கும்" என்பது என் அம்மா சொன்னது, உங்கள் அம்மாவும் சொல்லியிருப்பார். உண்மை நேர் எதிர். கழுவாத காயம்தான் சீழ் வைக்கும். காயத்தில் இருக்கும் அழுக்கையும் கிருமியையும் ஓடும் தண்ணீர் அடித்துக்கொண்டு போவது போல எந்தக் களிம்பும் செய்வதில்லை.

காயத்தில் போடக் கூடாதவை

காப்பித்தூள், சுண்ணாம்பு, அடுப்புச் சாம்பல், பற்பசை, சிலந்தி வலை, மண்ணெண்ணெய். இவை எல்லாவற்றையும் காயத்திலிருந்து நான் கழுவி எடுத்திருக்கிறேன். காப்பித்தூள் ரத்தத்தை நிறுத்துவது போலத் தோன்றும். தூள் அடைத்துக்கொள்வதுதான் காரணம். பிறகு அதைக் கிளறி எடுக்கும்போது காயம் மறுபடி திறக்கும். எடுக்காமல் விட்டால் உள்ளே கிடந்து அழுகும்.

மஞ்சளைச் சொன்னால் சண்டைக்கு வருவீர்கள். "அமெரிக்காக்காரனே மஞ்சளுக்குக் காப்புரிமை வாங்கினான், நம்ம ஆளுங்க போராடி ரத்து பண்ணாங்க" என்பார்கள். உண்மைதான். காயம் ஆற்ற மஞ்சளைப் பயன்படுத்துவதற்காக 1995இல் அமெரிக்காவில் தரப்பட்ட காப்புரிமையை நம் நாட்டு அறிவியல் ஆராய்ச்சி அமைப்பான சிஎஸ்ஐஆர் எதிர்த்து, 1997இல் ரத்தும் செய்யவைத்தது. ஆனால் ரத்தானது அது புதுக் கண்டுபிடிப்பு இல்லை என்பதற்காக. நம் பாட்டிகளுக்கு அது முன்பே தெரியும் என்று நிரூபித்ததால். அஞ்சறைப்பெட்டி மஞ்சள் கிருமியற்றது என்று அந்த வழக்கில் யாரும் சொல்லவில்லை. ஈரக் கரண்டியும் கடுகும் போய்வந்த டப்பா அது. ரசத்துக்குப் போதும், திறந்த காயத்துக்கு வேண்டாம்.

படித்தவர்கள் செய்யும் தப்பு வேறு மாதிரி. டெட்டாலைத் தண்ணீர் கலக்காமல் ஊற்றுவது, ஸ்பிரிட், ஹைட்ரஜன் பெராக்சைடு போட்டு நுரைப்பதை வேடிக்கை பார்ப்பது. எரிந்தால் வேலை செய்கிறது என்று ஒரு நம்பிக்கை. எரிவது வேலை செய்வதற்கு அடையாளம் இல்லை, புதிதாக முளைக்கும் தோல் செல்களும் சேர்ந்து சாகும். பெட்டாடைன் அழுக்குக் காயத்துக்கு முதல் நாள் ஒருமுறை போடலாம், நாள்தோறும் வேண்டாம். தைராய்டு கோளாறு உள்ளவர்கள் கேட்டுவிட்டுப் போடுங்கள். ஆன்டிபயாடிக் பவுடரைத் தூவினால் அது ரத்தத்தோடு சேர்ந்து சிமெண்ட் மாதிரி இறுகிவிடும், அடியில் என்ன நடக்கிறது என்றே தெரியாது. அதைவிட மோசம், காய்ச்சலுக்கு வாங்கி மிச்சமிருந்த கேப்ஸ்யூலைப் பிரித்துக் கொட்டுவது. வாரம் ஒருவராவது இப்படி வருவார்.

விரலைச் சோதித்துப் பாருங்கள்

கட்டுப் போடும் முன் ஒரு நிமிடம். கண்ணாடி போட்டுக்கொண்டு, நல்ல வெளிச்சத்தில்.

கையில் தோலுக்கு மிக அருகிலேயே, விரலை மடக்கி நீட்டும் தசைநாண்களும் தொடுவுணர்ச்சி தரும் நரம்புகளும் ஓடுகின்றன. வெளியே கால் அங்குல வெட்டு, உள்ளே நாண் அறுந்திருக்கும். ஒவ்வொரு விரலையும் தனித்தனியாக மடக்குங்கள். ஒவ்வொரு மூட்டும் மடங்க வேண்டும். பிறகு நீட்டுங்கள். அறுந்த நாணுள்ள விரல் நுனி மட்டும் தொங்கும். பிறகு பேனா முனையால் விரல் நுனியின் இரு பக்கமும் லேசாகத் தொட்டு, மற்றக் கையின் அதே விரலோடு ஒப்பிடுங்கள். சர்க்கரையால் முன்பே மரத்திருந்தால் இரண்டு கையும் ஒரே மாதிரி இருக்கும். ஒரு பக்கம் மட்டும் புதிதாக மரத்திருந்தால் நரம்பு அறுந்திருக்கலாம். கடைசியாக நகத்தை அழுத்தி விடுங்கள். வெளுத்தது இரண்டு வினாடியில் மறுபடி சிவக்க வேண்டும்.

இவற்றில் ஒன்று தவறினாலும், வெட்டு வாய் பிளந்து நின்றாலும், உள்ளே மஞ்சள் கொழுப்போ வெள்ளை நாணோ தெரிந்தாலும், மூட்டின் மேலேயே வெட்டு இருந்தாலும் வீட்டில் வைத்துக்கொள்ளாதீர்கள். தையல் தேவைப்பட்டால் ஆறேழு மணி நேரத்துக்குள் போவது நல்லது. "ராத்திரி ஆயிடுச்சு, பிள்ளைக்கு எதுக்குத் தொந்தரவு, காலையில பார்ப்போம்" என்று எத்தனை பேர் காலையில் வந்திருக்கிறார்கள், கணக்கே இல்லை. பிள்ளையை எழுப்புங்கள்.

நாய், பூனை, குரங்கு கடித்ததும் பிறாண்டியதும் இந்தக் கட்டுரைக்கு வெளியே. பதினைந்து நிமிடம் சோப்புத் தண்ணீரில் கழுவிவிட்டு அன்றே வெறிநாய்க்கடி தடுப்பூசிக்குப் போங்கள். சின்னக் கீறல் என்று விடக் கூடாது, வீட்டு நாய் என்றும் விடக் கூடாது.

நேர்வெட்டு

கத்தி, அரிவாள்மனை, பிளேடு. ஓரம் நேராக இருக்கும், இரண்டு பக்கமும் சேர்த்தால் சேரும். சேர்த்துப் பிடித்து, துணி காயத்தோடு ஒட்டாதிருக்க மெல்லிசாக வாசலின் தடவி, காஸ் வைத்துச் சுற்றுங்கள். வீட்டிலுள்ள பெவிக்விக் போட்டு ஒட்டாதீர்கள். மருத்துவமனையில் தோலை ஒட்டும் பசை உண்டு, அது வேறு பொருள்.

தோல் உரிதல்

எனக்கு வந்தது இதுதான். வயதானவர்களுக்கு அதிகம் வருவதும், அதிகம் கெடுக்கப்படுவதும் இதுதான். கட்டில் முனை, பஸ் கம்பி, யாரோ பாசத்தோடு இறுக்கிப் பிடித்துத் தூக்கிய பிடி, எல்லாமே போதும்.

தொங்கும் தோலை வெட்டி எறியாதீர்கள். "அது செத்த தோல்தானே" என்று கத்தரிக்கோல் எடுப்பவர்களைத் தடுங்கள். உயிருள்ள தோல் அது. அதைவிட நல்ல கட்டுத்துணி உலகத்தில் இல்லை. கழுவும்போது அதன் அடியிலும் தண்ணீர் ஓட விடுங்கள். பிறகு, ஈரமாக்கிய காஸை விரலில் சுற்றிக்கொண்டு, சுருண்ட தோலை மெல்ல உருட்டி அதன் இடத்துக்குக் கொண்டுபோங்கள். வாழையிலையின் சுருண்ட ஓரத்தை நீவிவிடுவோமே, அந்த அளவு அழுத்தம்தான். காய்ந்து விறைத்திருந்தால் ஈரக் காஸை ஐந்து பத்து நிமிடம் மேலே போட்டு வையுங்கள், இளகிவிடும். முழுதாக மூடாவிட்டால் இழுத்து நீட்டாதீர்கள். மூடிய மட்டும் போதும்.

இதன் மேல் ஒட்டக்கூடிய எதுவும் படக் கூடாது. பாரஃபின் தடவிய வலைத்துணி மருந்துக்கடையில் கிடைக்கும். ஜெலோநெட், பாக்டிகிராஸ் என்று கேட்டால் தருவார்கள். அதை வைத்து, மேலே காஸ், அதற்கு மேல் ரோலர் பேண்டேஜ். பேண்டேஜின் முனையைப் பேண்டேஜ் மேலேயே டேப் போட்டு ஒட்டுங்கள், தோலில் வேண்டாம்.

இப்போது ஒரு பேனாவை எடுத்து, தோல் எந்தப் பக்கம் ஒட்டியிருக்கிறதோ அங்கிருந்து தளர்ந்த முனையை நோக்கிக் கட்டின் மேல் ஓர் அம்புக்குறி போடுங்கள். பிரிக்கும்போது அம்பு காட்டும் திசையில்தான் உரிக்க வேண்டும். எதிர்த்திசையில் இழுத்தால் ஒட்டிக்கொண்டு வரும் தோல் மறுபடி பெயர்ந்துவிடும். நாலு நாள் கழித்துக் கட்டுப் பிரிப்பவர் வேறொருவராக இருப்பார். அவருக்கு அந்த அம்புதான் கடிதம்.

உள்ளங்கை அளவுக்குத் தோல் போயிருந்தால், தோல் கறுத்திருந்தால், அடியில் ரத்தம் கட்டி உப்பி நின்றால் டாக்டரிடம் போங்கள்.

குத்துக்காயம்

வெளியே புள்ளி, உள்ளே கிணறு. கருவேல முள், ஆணி, தென்னை ஈர்க்கு, ரோஜா முள். கழுவினாலும் தண்ணீர் உள்ளே போகாது. ரத்தம் அதிகம் வராததால் அலட்சியமாகவும் இருந்துவிடுவோம். இரண்டாம் மூன்றாம் நாளில் விரல் முழுக்க வாழைப்பிஞ்சு மாதிரி வீங்கி, பாதி மடங்கிய நிலையில் நின்று, யாராவது நீட்டினால் உயிர் போகிற வலி வந்தால் நாணைச் சுற்றியுள்ள உறைக்குள் சீழ் பிடித்திருக்கலாம். அன்றைக்கே மருத்துவமனை. ஒரு நாள் தாமதித்தாலும் விரல் விறைத்துப்போகலாம்.

கெளுத்தி மீன் முள் குத்தினால் விஷத்தால் கடுகடுக்கும். கை பொறுக்கும் சுடுநீரில் அரை மணி நேரத்துக்கு மேல் முக்கி வைத்தால் வலி இறங்கும். சூட்டை மற்றக் கையாலோ, முடிந்தால் வேறொருவர் கையாலோ பார்த்துவிட்டு முக்குங்கள். சர்க்கரையால் மரத்த கைக்குக் கொதிப்பது தெரியாது. மீன் கழுவும்போது பட்ட எந்தக் காயத்தையும் சர்க்கரை, கல்லீரல் நோய் உள்ளவர்கள் இரண்டு நாள் கூர்ந்து பார்க்க வேண்டும். கடல் தண்ணீரில் உள்ள சில கிருமிகள் மிக வேகமாகப் பரவும்.

பீலரிலும் தேங்காய்த் துருவியிலும் விரல் நுனிச் சதை சீவிப்போனால் ரத்தம் பயமுறுத்தும், ஆனால் சுண்டுவிரல் நகத்தளவுக்குள், எலும்பு தெரியாமல் இருந்தால் ஈரப்பதக் கட்டிலேயே மூன்று நாலு வாரத்தில் வளர்ந்துவிடும்.

காயவிடுவதா, மூடிவைப்பதா

"காத்துப் பட்டாத்தான் ஆறும்" என்பதும் நாம் எல்லோரும் கேட்டு வளர்ந்தது. 1962இல் ஜார்ஜ் விண்டர் என்பவர் பன்றித் தோலில் செய்து பார்த்துக் காட்டினார்: மூடி ஈரப்பதத்தோடு வைத்த காயத்தில் புதுத்தோல், காயவிட்ட காயத்தைவிட ஏறத்தாழ இரண்டு மடங்கு வேகமாகப் படர்ந்தது. பக்கு கட்டினால் புதுத்தோல் அதற்கு அடியில் குடைந்துகொண்டு போக வேண்டியிருக்கிறது. ஆகவே வாசலின், அதன் மேல் ஒட்டாத துணி, அதன் மேல் கட்டு. ஈரப்பதம் என்றால் சொதசொதப்பு இல்லை; சுற்றித் தோல் வெளுத்து ஊறிப்போனால் கட்டை அடிக்கடி மாற்றுங்கள்.

கட்டு இறுக்கமா என்று பார்க்க நகத்தை அழுத்திப் பார்க்கும் அதே சோதனைதான். விரல் ஜில்லென்றோ மரத்தோ இருந்தால் தளர்த்துங்கள். முதல் இரண்டு நாள் கையைத் தொங்கப்போடாமல், படுக்கும்போது தலையணை மேல் வையுங்கள். கட்டுப்போடாத விரல்களை அடிக்கடி மடக்கி நீட்டுங்கள், இல்லாவிட்டால் நம் வயதில் ஒரு வாரத்தில் விறைத்துவிடும்.

டிடி ஊசி

துருப்பிடித்த ஆணியில்தான் டெட்டனஸ் இருக்கிறது என்பது பாதி உண்மை. துருவில் இல்லை, மண்ணிலும் சாணியிலும் இருக்கிறது. தோட்டத்தில் பட்ட கீறலும் அதே ஆபத்துதான். கிருமி உள்ளே போன மூன்று நாளிலிருந்து மூன்று வாரத்துக்குள் தாடை இறுகத் தொடங்கும்.

சுத்தமான வெட்டு என்றால், டெட்டனஸைத் தடுக்கும் டிடி ஊசியைக் கடைசியாகப் போட்டுப் பத்து வருஷம் ஆகியிருந்தால் ஒன்று. அழுக்கான அல்லது ஆழமான காயம் என்றால் ஐந்து வருஷம் ஆகியிருந்தாலே ஒன்று. ஒவ்வொரு கீறலுக்கும் ஓடிப் போய் ஆறு மாதத்துக்கு ஒன்று போட்டுக்கொள்ளத் தேவையில்லை.

நம் தலைமுறைக்கு ஒரு தனிச் சிக்கல் உண்டு. குழந்தைகளுக்கான விரிவுபடுத்தப்பட்ட தடுப்பூசித் திட்டம் இந்தியாவில் தொடங்கியதே 1978இல். அதற்கு முன் பிறந்த நம்மில் பலருக்கு அடிப்படை மூன்று ஊசி போட்டிருக்கவே மாட்டார்கள். பெண்களுக்குப் பேறுகாலத்தில் கிடைத்திருக்கலாம், ஆண்களுக்கு அதுவும் இல்லை. அப்படிப்பட்டவர்களுக்கு ஒரு ஊசி போதாது: இன்று ஒன்று, நாலு வாரத்தில் ஒன்று, ஆறு மாதம் முதல் ஒரு வருஷத்துக்குள் ஒன்று. அழுக்குக் காயமாக இருந்தால் உடனடிப் பாதுகாப்புக்கு இம்யூனோகுளோபுலின் ஊசியும் தேவைப்படலாம். "எனக்குச் சின்ன வயசுல எதுவும் போட்டதா ஞாபகம் இல்ல" என்று டாக்டரிடம் வாய்விட்டுச் சொல்லுங்கள், அவராகக் கேட்க மாட்டார். போட்ட தேதியை ரேஷன் கார்டு இருக்கும் இடத்தில் எழுதிவையுங்கள்.

அடுத்த நாட்கள்

சாதாரண வெட்டுக்குக் கட்டை நாளுக்கு ஒருமுறை, அல்லது நனைந்தால் அழுக்கானால் மாற்றுங்கள். உரிந்த தோலுக்கு அவசரம் வேண்டாம். பாரஃபின் துணியை மூன்று நாலு நாள் தொடாமல் விடலாம், மேல் காஸை மட்டும் மாற்றினால் போதும். ஒட்டிக்கொண்ட துணியை இழுக்காதீர்கள். வெதுவெதுப்பான தண்ணீரை ஊற்றி ஊற்றிக் காத்திருங்கள். தோலில் டேப் ஒட்டியிருந்தால் தேங்காய் எண்ணெய் தொட்டு, மேல்நோக்கி இல்லாமல் தோலோடு தோலாகப் படியவைத்தபடி, மற்றக் கை விரலால் தோலை அழுத்திப் பிடித்துக்கொண்டு உரியுங்கள்.

முதல் இரண்டு நாள் ஓரத்தில் லேசான சிவப்பும் வலியும் இருப்பது இயல்பு. சிவப்பின் எல்லையைப் பால்பாயிண்ட் பேனாவால் சுற்றி வரைந்து நேரத்தைக் குறித்துவிடுங்கள். மறுநாள் சிவப்பு கோட்டைத் தாண்டியிருந்தால் தொற்று பரவுகிறது. கையிலிருந்து முழங்கையை நோக்கிச் சிவப்புக் கோடு ஏறுவது, சீழ், நாற்றம், குறைவதற்குப் பதில் கூடும் வலி, அக்குளில் நெறி, 100.4 டிகிரிக்கு மேல் காய்ச்சல், எதுவானாலும் அன்றே டாக்டர். நம் வயதில் காய்ச்சல் வராமலேயே தொற்று ஏறலாம். சாப்பாடு வேண்டாம் என்பது, பேச்சு குழறுவது, எந்த நாள் என்று தெரியாமல் விழிப்பது, இவையே அறிகுறியாக இருக்கும். கூட இருப்பவர்கள் இதைக் கவனிக்க வேண்டும், நோயாளிக்குத் தெரியாது.

சர்க்கரை உள்ளவர்கள் இந்த நாட்களில் தினமும் அளவு பாருங்கள். காரணமில்லாமல் 250, 300 என்று ஏறினால் காயத்தைப் பிரித்துப் பாருங்கள், பதில் அங்கே இருக்கும்.

வலிக்குப் பாரசிட்டமால் 500 போதும். புரூஃபென், டைக்ளோஃபெனாக் எல்லாம் ரத்தக்கசிவையும், பிபி, சிறுநீரகத் தொல்லையையும் கூட்டும்.

அப்புறம் பத்தியம். "புண்ணு ஆறுற வரைக்கும் பருப்பு, முட்டை, மீன் கூடாது, சீழ் வைக்கும்" என்று ரசஞ்சாதத்தில் பதினைந்து நாள் ஓட்டுவார்கள். தோல் வளர்வதற்குச் செங்கலே புரதம்தான். முட்டை, பருப்பு, மீன், தயிர், நெல்லிக்காய், கொய்யா எல்லாம் சாப்பிடுங்கள். சிறுநீரகத்துக்காக டாக்டர் அளவு சொல்லியிருந்தால் அந்த அளவில்.

மூன்று வாரம் ஆகியும் சிறிதாகாத காயத்தை "வயசானா அப்படித்தான்" என்று விடாதீர்கள். சர்க்கரை, ரத்த ஓட்டம், உள்ளே தங்கிய முள், அபூர்வமாகத் தோல் புற்று என்று காரணம் ஏதாவது இருக்கும்.

தனியாக இருப்பவர்களுக்கு

பிள்ளைகள் வெளியூரில். ஒரு கையில் காயம், இன்னொரு கையால்தான் எல்லாம். ஒரு கையால் காஸ் பாக்கெட்டைப் பிரித்துப் பாருங்கள், இப்போதே. முடியாது. அதனால் ஒரு ஸ்டீல் டிபன் டப்பாவில், திருகு மூடி இல்லாதது, இவற்றைப் போட்டு அடுக்களையில் இடுப்பு உயரத்தில் வையுங்கள்: காஸ் பாக்கெட்டுகள், ஓரத்தைக் கத்தரிக்கோலால் லேசாக நறுக்கிவிட்டது, ஆனால் உள்ளே திறக்காதது, பாரஃபின் துணி நாலு, இரண்டு அங்குல ரோலர் பேண்டேஜ், முனை மடித்து வைத்த மைக்ரோபோர் டேப், சின்ன வாசலின் டப்பா, முனை மழுங்கிய கத்தரிக்கோல், ஒரு பால்பாயிண்ட் பேனா. சாப்பிடும் மாத்திரைகளின் பெயரும் கடைசி டிடி ஊசித் தேதியும் எழுதிய சீட்டு மூடியின் உள்பக்கம்.

ஒரு கையால் கட்ட, பேண்டேஜ் முனையைக் கட்டைவிரலுக்கும் உள்ளங்கைக்கும் இடையில் கவ்விக்கொண்டு, சுருளை மேசை மேல் வைத்துக் கையை உருட்டுங்கள். பேண்டேஜைக் கைமேல் சுற்றுவதற்குப் பதில், கையைப் பேண்டேஜுக்குள் சுற்றுவது. இப்போது காயமில்லாத கையில் இரண்டு முறை செய்து பாருங்கள். முதல் தடவை எனக்குச் சுருள் கீழே விழுந்து கட்டிலுக்கு அடியில் போய்விட்டது. இரண்டாம் தடவை நின்றது.